ஒன்பது குப்பிகளும் என் தம்பியின் எஞ்சினும்

கொரிச்செல்லா துறை, புரோச்சிதா தீவு.

'தீவுக் குரல்' பத்திரிகையின் மாட்சிமை பொருந்திய ஆசிரியர் அவர்கள் சமூகத்துக்கு, முழங்கால் வலியால் கடலிலிருந்து ஓய்வு பெற்ற கத்தெல்லோ லுப்ரானோ தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மகளும் என் வலது காதின் இரைச்சலும் சுகம். அங்கே தாங்களும் தங்கள் அச்சு இயந்திரமும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். எழுதுவது என்றால், நான் சொல்கிறேன், மகள் நுன்ஸியா எழுதுகிறாள். எனக்குத் தெரிந்த எழுத்தெல்லாம் என் படகின் மூக்கில் இருந்த எண்தான். அதையும் நான் படம் போலத்தான் பார்த்து வைத்திருக்கிறேன்.

வருஷத்தின் எண் எனக்குத் தெரியாது, ஆனால் பிசகாமல் அடையாளம் சொல்வேன். நாப்போலியில் காலரா வந்து, மட்டியால்தான் வந்ததென்று சொல்லி அரசாங்கம் கடலில் மட்டி வளர்க்கும் கயிறுகளையெல்லாம் அறுத்தெறிந்தது அந்த இலையுதிர்காலம். பெட்ரோல் தட்டுப்பாட்டில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கார் எடுக்கக் கூடாதென்று சட்டம் வந்து, தீவின் கார்க்காரர்கள் எல்லாம் கழுதைக்காரன் வீட்டு வாசலில் நின்றது அந்தக் குளிர்காலம். விவாகரத்து வேண்டுமா வேண்டாமா என்று நாடே ஓட்டுப் போட்டு, என் மாமியார் எதற்குப் போட்டாள் என்று தெரியாமல் மாமனார் இளைத்துப் போனது அதற்கடுத்த மே மாதம். நான் சொல்ல வந்தது இவற்றுக்கு நடுவில், உயிர்ப்புத் திருநாளான ஈஸ்டருக்குப் பத்து நாள் முன்னால் நடந்தது.

போன ஞாயிறு உங்கள் பத்திரிகையில் டாக்டர் ஒத்தாவியா புருனேரோ அம்மா வடக்கே தன் சொந்த ஊர் தொரினோவில் காலமான செய்தி போட்டிருந்தீர்கள். படம் நன்றாக இருந்தது, மூக்கு அப்படியே இருந்தது. ஆனால் மூன்றாம் பத்தியில், 'தீவின் எலுமிச்சைக் கிடங்கில் அவர் நடத்திய ஆராய்ச்சியில், மின்சாரம் தரும் எஞ்சின் சரியாகப் பராமரிக்கப்படாததால் பத்துக் குப்பிகளில் ஒன்பது பாழாயின' என்று இருந்ததாக நுன்ஸியா வாசித்தாள். அந்த எஞ்சினைப் பராமரித்தவன் என் தம்பி பியாஜோ. எஞ்சினுக்கு ஒரு கோளாறும் இல்லை, ஆசிரியரே! பத்தொன்பது வருஷமாக மண்ணுக்கடியில் கிடப்பவனின் பேரைக் காப்பாற்ற அவனால் எழுந்து வர முடியாது. ஆகவே நான் எழுதுகிறேன். நீங்கள் இதைக் கொட்டை எழுத்தில் போட வேண்டும்.

மட்டியும் சிப்பியும் தின்றால் சாவு என்று ஊரே பயந்து கிடந்த அந்த மாதங்களில், உடம்பெல்லாம் முள்ளாக உருண்டையாக இருக்குமே கடல்முள்ளி, அதை என்னிடம் வாங்கியது டாக்டரம்மா ஒருத்திதான். தின்பதற்கில்லை, அதன் முட்டைக்காக. எதற்கம்மா என்று ஒருநாள் கேட்டேன். நான் கூடையோடு நிற்கிறேன், பியாஜோ கையில் எண்ணெயோடு நிற்கிறான், கிடங்கைக் கூட்டித் துடைக்கும் விதவை அசுந்தா தரையில் தண்ணீர் அடித்துக்கொண்டிருக்கிறாள்.

"கத்தெல்லோ, உன் படகுல தண்ணி இறைக்கிற பம்ப் இருக்கா?"

"இருக்கும்மா."

"அது நின்னுட்டா?"

"படகும் நின்னுடும். கடலுக்கு அடியில."

"அவ்வளவுதான் விஷயம். நம்ம உடம்புல ஒவ்வொரு உயிரணுவும் ஒரு படகு. உன் சுண்ணாம்புல இருக்கே கால்சியம், அது வெளியில கடலா நிக்குது. உள்ள அனேகமா ஒண்ணும் இருக்காது. ராப்பகலா அதை வெளிய இறைச்சுக்கிட்டே இருக்கும். கொஞ்சத்தை மட்டும் உள்ளயே பைபையாக் கட்டிப் பூட்டி வச்சிருக்கும். ஏதாவது சேதி வந்தா பை திறக்கும், ஒரே பாய்ச்சல், உடனே மறுபடி மூடிடணும். அந்தப் பாய்ச்சல்லதான் உன் கை வலை இழுக்குது, உன் நெஞ்சு துடிக்குது."

"மூடலைன்னா?" என்றான் பியாஜோ.

"உயிரணு செத்துடும்."

"எங்க மாமியா வாய் மாதிரின்னு சொல்லுங்க. தொறந்தா மூடாது, பக்கத்துல இருக்கறவன்தான் சாகணும்" என்றாள் அசுந்தா.

டாக்டரம்மாவுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். ஆண்விந்து வந்து தொட்ட நொடியில் முட்டைக்குள்ளே அந்தப் பை திறக்கிறதா இல்லையா? அதைக் காட்டிக்கொடுக்க ஒரு சாறு வைத்திருந்தாள். சொறிமீனிலிருந்து எடுத்தது, அமெரிக்காவிலிருந்து பனிக்கட்டியில் வந்தது, பத்தே பத்துக் குப்பி, ஒவ்வொன்றிலும் கண்ணீர்த்துளி அளவு. கால்சியம் பட்டால் நீலமாக மின்னும், ஒருமுறை மின்னினால் அதோடு தீர்ந்தது. திருநாளுக்குள் அவள் எதையாவது காட்டாவிட்டால் கிடங்கைப் பூட்டிச் சாவியைக் கொண்டு வா என்று நாப்போலி ஆராய்ச்சி நிலையத்தின் பெரிய மனிதர்கள் கடிதம் போட்டிருந்தார்கள்.

முதல் மூன்று வாரம் முட்டைகள் கல்லாகக் கிடந்தன. குப்பியைத் தொடுவதற்கு முன்னால் முட்டை கருத்தரிக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். ஒன்றுகூட அசையவில்லை. என் முள்ளிகளைச் சந்தேகப்பட்டாள், நிலவைச் சந்தேகப்பட்டாள். கடைசியில் ஒருநாள் கண்ணாடிக் கிண்ணத்தை மோந்து பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். காலரா நாளில் தீவே எலுமிச்சையால் கை கழுவி, எலுமிச்சையால் தட்டு தேய்த்து, குழந்தையின் காதுக்குள்ளும் எலுமிச்சை பிழிந்துகொண்டிருந்ததல்லவா? அசுந்தாவும் அத்தனை கிண்ணத்தையும் நல்ல மனதோடு எலுமிச்சையால் தேய்த்து வந்திருக்கிறாள். எலுமிச்சை கால்சியத்தைக் கவ்விக்கொண்டால் விடாதாம், முட்டைக்கு ஒன்றும் மிஞ்சாதாம். டாக்டரம்மா இதை எங்கள் இருவரிடம் மட்டும் சொன்னாள். அசுந்தாவிடம், எலுமிச்சை வாசனை எனக்குத் தலைவலி, இனிமேல் வேண்டாம் என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

"எலுமிச்சைக்குத் தலைவலியாம்! அப்புறம் இந்த வடக்கத்தியாளுங்க எதுக்குத்தான் உசிரோட இருக்காங்க?" என்று அசுந்தா துறைமுகம் முழுக்கக் கேட்டுக்கொண்டு போனாள். கேட்டதோடு நின்றாளா? எலுமிச்சை இல்லையென்றால் காலராவுக்கு வேறென்ன மருந்து? சுண்ணாம்பு. திருநாளுக்கு வீடுகளுக்கு வெள்ளையடிக்கும் நேரம், வாளி வாளியாக நீற்றி வைத்திருந்தது. கோப்பைகளைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, துடைத்து, வரிசையாகக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை, நடுப்பகல். சன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்த சிறிய அறையில் நாங்கள் நால்வர். டாக்டரம்மா, ஐஸ் வாளியோடு அசுந்தா, கம்பியைப் பிடித்தபடி பியாஜோ, கூடையோடு நான். இருட்டென்றால் கண்ணைத் திறந்திருக்கிறோமா மூடியிருக்கிறோமா என்று தொட்டுத்தான் பார்க்க வேண்டும். வெளியே பியாஜோவின் எஞ்சின் டுக் டுக் என்று தாளம் தப்பாமல் ஓடுகிறது. டாக்டரம்மா ஒன்பது குப்பியையும் தடவித் தடவிக் கோப்பையில் ஊற்றினாள். பத்தாவதை வடக்கத்திப் புத்தியில் ஐஸிலேயே விட்டாள். ஊற்றினாளோ இல்லையோ, கோப்பை எரிந்தது, ஆசிரியரே! தீயில்லை, சூடில்லை, நீலம். நாலு பேர் முகமும் தெரிந்தது. நான் எத்தனையோ முறை கடல் மின்னிப் பார்த்தவன். ஆனால் அந்த நீலத்தை இன்றைக்கும் கண்ணை மூடினால் பார்க்கிறேன். பியாஜோ கோப்பையைப் பார்க்கவில்லை. அசுந்தாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் முழங்காலிட்டாள். "மிக்கேல் சம்மனசே! டாக்டரம்மா, முட்டை போடறதுக்கு முந்தியே குஞ்சு பொரிச்சுட்டீங்களே!"

நீலம் அணைந்தது. இருட்டில் டாக்டரம்மாவின் குரல் மட்டும்: "இந்தக் கோப்பையை யார் கழுவினது?"

அசுந்தா பெருமையோடு "நா..." என்று வாயெடுத்தாள்.

"என் எஞ்சின்தாம்மா!" என்று கத்தினான் பியாஜோ. "திடீர்னு துள்ளிடுச்சு. கரண்டு எகிறி உங்க சாறுல பாஞ்சிடுச்சு. தப்பு என்னோடதுதான்."

வெளியே எஞ்சின் டுக் டுக் என்று அவனைப் பொய்யனாக்கிக்கொண்டு ஓடியது. ஈரத்துணி ஒன்று இருட்டில் பறந்து என் முகத்தில் விழுந்தது. அசுந்தா அவனுக்கு எறிந்தது.

"எண்ணெய்ச் சட்டித் தலையா! ஒரு எஞ்சினை ஓட்டத் துப்பில்லை, உனக்கெல்லாம் மீசை ஒரு கேடா?"

டாக்டரம்மா விளக்கைப் போட்டாள். கோப்பைக்குள் விரலை விட்டுத் தடவினாள். விரல் நுனி வெள்ளை. விரலைப் பார்த்தாள், பியாஜோவைப் பார்த்தாள், இரண்டு பிள்ளைகளின் தாயான அசுந்தாவைப் பார்த்தாள். பிறகு விரலைத் தன் அங்கியில் துடைத்துக்கொண்டாள்.

"ஆமா. எஞ்சின்தான்."

பத்தாவது குப்பிக்குத் தானே புதுக் கோப்பை கழுவினாள். முடியைவிட மெல்லிய ஊசியால் ஒரே ஒரு முட்டைக்குள் சாற்றைச் செலுத்தி, விளக்கை அணைத்து, விந்துத் துளியை விட்டாள். எங்கள் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அடுத்த அறையில், வெளிச்சத்தை அளந்து கோடாக எழுதும் கருவியின் பேனா காகிதத்தில் கீறும் சத்தம் மட்டும் ஒருமுறை மாறியது. போய்ப் பார்த்தோம். தரைபோல வந்த கோடு மடவைமீன் துள்ளுவதுபோல் எழும்பி, மெல்ல மெல்லக் கீழே இறங்கியிருந்தது. பை திறந்து மூடியிருக்கிறது! டாக்டரம்மா அழவில்லை. வெகுநேரம் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மிச்ச முள்ளிகளை உடைத்து, எலுமிச்சை பிழிந்து, காலராவாவது ஒன்றாவது என்று நால்வரும் தின்றோம். "இப்பத் தலைவலி வரலையா?" என்று அசுந்தா கேட்டாள்.

அறிக்கையில் எஞ்சின் கோளாறு என்று போயிற்று. ஒரு மாதத்தில் பியாஜோவுக்குச் சீட்டுக் கிழிந்து, என் படகுக்கு வந்தான். "ஏண்டா?" என்றேன். "அவளுக்கு வேலை போனா ரெண்டு புள்ளைங்க என்ன செய்யும், அண்ணே?" "உனக்குப் போச்சே?" "எனக்குத்தான் நீ இருக்கியே" என்று சொல்லி, எங்கள் தீவின் காவல்தூதர் மிக்கேல் சம்மனசின் மேல், யாரிடமும் சொல்லமாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான். மறுவருஷம் அசுந்தா அவனையே கட்டிக்கொண்டாள். இவனைத் தனியாக விட்டால் இன்னும் எத்தனை பேர் முட்டையைக் கெடுப்பானோ என்று காரணம் சொன்னாள். முப்பத்தொரு வருஷம், சூப்பில் உப்பு குறைந்தாலும் மழை பெய்தாலும் அந்த எஞ்சினைத்தான் பேச்சுக்கு இழுப்பாள். அவன் ரொட்டியைத் தோய்த்துத் தின்றுகொண்டு சிரிப்பான்.

இன்று அந்தக் கிடங்கில் உல்லாசப் பயணிகள் தூங்குகிறார்கள். அந்த வழியாகப் போகும்போது என் கெட்ட காதுக்கு டுக் டுக் கேட்கிறது. சத்தியத்துக்குக் காலாவதி உண்டா என்று சாமியாரைக் கேட்டேன், இல்லை என்றார். அவர் சின்ன வயசுக்காரர், அவருக்கென்ன தெரியும்! ஆகவே துணிந்து எழுதிவிட்டேன். பியாஜோ லுப்ரானோ குற்றமற்றவன் என்று முதல் பக்கத்தில் போடுங்கள்.

மிக்கேல் சம்மனசு தன் வாளைத் தங்கள் எதிரிகள் பக்கமும் சிறகைத் தங்கள் பக்கமும் திருப்பி வைப்பாராக. தங்கள் வீட்டாருக்கு என் வணக்கம், குழந்தைகள் கன்னத்தில் என் முத்தம்.

இப்படிக்கு,
கத்தெல்லோ லுப்ரானோ (பெருவிரல் ரேகை)

பின்குறிப்பு: நுன்ஸியா வாசித்துக் காட்டினாள். வாசித்துவிட்டு, "பத்திரிகைக்காரங்க சாட்சி கேட்பாங்களேப்பா, யாரு இருக்கா?" என்றாள். எண்ணிப் பார்த்தேன். பிறகு அவளே சொன்னாள்: "நேத்து கல்லறைத் தோட்டத்துல பாத்தேன். சித்தி, சித்தப்பாவோட கல்லறைக் கல்லைத் துடைச்சுக்கிட்டே, 'எஞ்சின் ஓட்டின லட்சணத்தைப் பாரு'ன்னு ஒரு மணி நேரமா அவரைத் திட்டிக்கிட்டு இருந்தாங்க. முகமெல்லாம் சிரிப்பு." இதைப் பிடுங்கிவிட்டால் அவனோடு பேச அவளுக்கு என்ன இருக்கிறது? ஆகவே ஆசிரியரே, மேலே உள்ள எதையும் போட வேண்டாம். நீங்கள் போட்டதுதான் சரி. கோளாறு எஞ்சினில்தான். சந்தேகம் இருந்தால், என்னை விட்டால் அந்த அறையில் இருந்தவர்களில் உயிரோடு இருக்கிற ஒரே ஆளைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அசுந்தா.