பரணும் தானாக எழுந்த கம்ப்யூட்டரும்

திங்கள் முதல் வியாழன் வரை நாலு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்த மேனேஜர், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஹாலின் நடுவில் நின்று சபதம் செய்தார். பரணைக் காலி செய்துவிட்டுத்தான் மறுவேலை.

ஆபீசில் அவருக்குக் கீழே பதினாலு பேர். வீட்டில் அவருக்குக் கீழே நாற்காலி மட்டும்தான். அதனால் சபதத்தைக் கேட்க வீட்டம்மாவைத் தவிர வேறு ஆளில்லை. அவளும் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வெள்ளிக்கிழமை காலைல தச்சர் வந்துடுவார். ஞாபகம் இருக்கட்டும்" என்றாள்.

பரணுக்குக் கதவு போட ஒப்புக்கொண்ட அந்தத் தச்சரைப் பிடிக்க அவள் ஐந்து மாதம் அலைந்திருக்கிறாள். பரண் காலியாக இல்லையென்றால் மனிதர் திரும்பிப் போய்விடுவார். மறுபடி எப்போது வருவார் என்பது அவருக்கே தெரியாது. பரணிலோ, "இருக்கட்டும், எதுக்காவது உதவும்" என்று மேனேஜர் இருபத்திரண்டு வருஷமாக ஏற்றி வைத்த அத்தனையும் இருந்தன. ஒன்றாவது எதற்காவது உதவியதாகத் தகவல் இல்லை.

திங்கட்கிழமை பத்து மணிக்கு வீட்டம்மா கார் ஓட்டக் கற்றுக்கொள்ளக் கிளம்பிப் போனாள். பன்னிரண்டுக்குத்தான் வருவாள். மேனேஜர் ஏணியைக் கொண்டுவந்து பரணுக்கு நேராகச் சாத்தினார். அண்ணாந்து பார்த்தார். பரணும் அவரைப் பார்த்தது. எந்தப் பெரிய வேலைக்கும் முன்னால் மனதைக் கொஞ்சம் ஒருநிலைப்படுத்த வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. உள்ளே போய்க் கம்ப்யூட்டரைப் போட்டுச் சீட்டாட உட்கார்ந்தார்.

தனியாக ஆடுகிற சீட்டாட்டம்தான். ஆனாலும் அதில் அதிகப் புள்ளி எடுத்தவர் பட்டியலில் முதல் பத்து இடத்திலும் "மேனேஜர்" என்றே இருக்கும். வேறு யாரும் ஆடுவதில்லை என்பது வேறு விஷயம்.

வீட்டம்மா திரும்பியபோது ஏணி அங்கேயே நின்றது.

"ஒண்ணும் இறங்கலையே?"

"முதல்ல திட்டம் போடணும்மா. எதை முதல்ல இறக்குறது, எதைப் பின்னாடி இறக்குறதுன்னு."

செவ்வாய்க்கிழமையும் திட்டம் போட்டார். புதன்கிழமை அவள் வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே கம்ப்யூட்டரிடம் போனாள். ஜுரம் வந்த பிள்ளை நெற்றியில் வைக்கிற மாதிரி பெட்டியின் தலையில் கை வைத்தாள்.

"என்னங்க, இது சுடுது?"

உண்மையைச் சொல்லியிருந்தால் ஐந்து நிமிஷத் திட்டோடு போயிருக்கும். மேனேஜருக்கு அன்றைக்கு நாக்கில் சனி.

"அதையேன் கேக்குற! மூணு நாளா அது தானாவே ஆன் ஆகுது."

"தானாவேவா?"

"தானாவே. யாரும் தொடாம. நான் ஏணி மேல நிக்கிறேன், உள்ளே உர்ருங்குது. இறங்கி ஓடி வந்து அணைக்கிறேன். மறுபடி ஏறினா மறுபடி உர்ரு. அப்புறம் எங்க பரணைக் காலி பண்றது?"

ஒரே கல்லில் இரண்டு மாங்காய் விழுந்ததாக அவருக்குப் பெருமை. வீட்டம்மா கண்ணை அகல விரித்து, "ஐயையோ, கரண்டு சமாசாரம்! தம்பியைக் கூப்பிடுறேன்" என்றாள்.

அவள் தம்பிக்குக் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பதுதான் தொழில். இது மேனேஜருக்குத் தெரியாததில்லை. பொய் சொல்கிற அவசரத்தில் மறந்திருந்தார்.

நாளை பதினோரு மணிக்கு வருவதாகத் தம்பி சொல்லிவிட்டான். அதற்குள் கம்ப்யூட்டர் தானாக ஆன் ஆகியே தீர வேண்டும். அன்று சாயங்காலம் அவள் காய்கறி வாங்கப் போன முக்கால் மணி நேரத்தில், மேனேஜர் வீடியோ வீடியோவாகப் பார்த்துத் தேடினார். ஆபீசில் இப்படி உழைத்திருந்தால் எப்போதோ டைரக்டர் ஆகியிருப்பார். கடைசியில் கிடைத்தது. அலாரக் கடிகாரத்துக்கு வைக்கிற மாதிரி, தினமும் இத்தனை மணிக்குத் தானே எழுந்துகொள் என்று கம்ப்யூட்டருக்கும் நேரம் வைக்கலாமாம். பதினொன்றே கால் என்று வைத்தார். அன்றைக்கு நன்றாகத் தூங்கினார்.

வியாழக்கிழமை வீட்டம்மா கார் வகுப்புக்குப் போகவில்லை. தம்பி சொன்ன நேரத்துக்குப் பை நிறையக் கருவிகளோடு வந்தான். வந்தவுடன் குனிந்து பெட்டியின் ஒயரைப் பிடித்தான்.

"என்ன பண்ற?" என்று அலறினார் மேனேஜர்.

"முதல்ல கரண்டைப் பிடுங்கிடணும் அத்தான்."

"பிடுங்காதே! அது பாட்டுக்கு இருக்கட்டும். இயற்கையா எப்படி வருதுன்னு பாக்க வேணாமா? முதல்ல காப்பி குடி."

"குடிச்சிட்டுத்தான் வந்தேன்."

"இன்னொண்ணு குடி. ஏம்மா, காப்பி!"

காப்பி வந்தது. தம்பி குடித்தான். மேனேஜர் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முள் பதினொன்றே காலைத் தொட்டது.

"பாத்தியா! நான் சொன்னேன்ல!" என்று துள்ளி எழுந்தார்.

கம்ப்யூட்டர் கம்மென்று இருந்தது. அக்காவும் தம்பியும் அவரைப் பார்த்தார்கள். அந்தச் சுவர்க் கடிகாரம் அரை நிமிஷம் முந்தி ஓடுகிற கடிகாரம். அரை நிமிஷம் அவர் ஒரு விரலைப் பெட்டியை நோக்கி நீட்டியபடி நின்றார். பிறகு பெட்டி உர்ர் என்றது. திரையில் வெளிச்சம் வந்தது.

"பாத்தியா" என்றார் மறுபடி, சுரத்தில்லாமல்.

தம்பி கம்ப்யூட்டர் முன்னால் போனான். உட்கார்ந்து எதையெதையோ திறந்தான். "எப்ப ஆன் ஆச்சு, எப்ப ஆஃப் ஆச்சுன்னு இது எல்லாத்தையும் குறிச்சு வச்சிருக்கும்க்கா" என்றான்.

மேனேஜருக்கு அது தெரியாது. எந்த வீடியோவிலும் சொல்லவில்லை.

"திங்கக்கிழமை பத்து ஏழுக்கு ஆன். பதினொண்ணு அம்பத்திரண்டுக்கு ஆஃப். செவ்வாக்கிழமை பத்து ஆறுக்கு ஆன், பதினொண்ணு அம்பத்தொண்ணுக்கு ஆஃப். நேத்து பத்து நாலுக்கு ஆன், பதினொண்ணு அம்பத்தஞ்சுக்கு ஆஃப். சாயங்காலம் ஆறு அஞ்சுக்கு ஆன், ஆறு நாப்பதுக்கு ஆஃப்."

"நடுவுல அணைக்கவே இல்லையா? உங்க அத்தான் ஓடி ஓடி வந்து அணைச்சதா சொன்னாரே?"

"நடுவுல ஒண்ணும் இல்லைக்கா."

"நான் கிளம்பின பிறகு ஆன் ஆகி, நான் வர்றதுக்கு முன்னாடி தானா ஆஃபும் ஆகுதா!" வீட்டம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "என்ன சமத்து!"

மேனேஜர் விசிறியின் வேகத்தைக் கூட்டினார்.

அக்காவும் தம்பியும் ஒரு கணம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தம்பி முகத்தை டாக்டர் மாதிரி வைத்துக்கொண்டான். "அத்தான் சொன்னது நிஜம்தான். இது பெரிய கோளாறு. ஆள் கைக்கு எட்டாத உயரத்துல, காத்தாட, கொஞ்ச நாள் தனியா வைக்கணும்."

"உயரத்துலன்னா?"

"பரண் மாதிரி ஏதாவது இருந்தா நல்லது."

மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

"பரண் இருக்கு. ஆனா இடமில்லையே" என்றாள் வீட்டம்மா, மிகுந்த வருத்தத்தோடு. "ஏங்க, நிஜமாவே தானா ஆன் ஆகுதுதானே? இல்லைன்னா இப்பவே சொல்லிடுங்க."

மேனேஜர் வாயைத் திறந்தார். மைத்துனனைப் பார்த்தார். மூடினார். "ஆகுது" என்றார்.

பன்னிரண்டு மணிக்கு ஏறியவர் ஏழு மணிக்குத்தான் கடைசியாக இறங்கினார். சக்கரம் போன பெட்டி, இறக்கை போன விசிறி, மூன்றே நாள் மிதித்த உடற்பயிற்சி சைக்கிள், வீட்டுக்கு வந்த ஒவ்வொரு பொருளும் வந்த அட்டைப்பெட்டி, அந்த அட்டைப்பெட்டிகளைப் போட்டு வைக்க வாங்கிய பெரிய அட்டைப்பெட்டி. மைத்துனன் கீழே நின்று வாங்கி வாங்கிப் பழைய சாமான்காரர் வண்டியில் ஏற்றினான். மேனேஜர் தும்மின தும்மலில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போனார். பரண் கண்ணாடி மாதிரி ஆயிற்று.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு மேனேஜர் கம்ப்யூட்டரைத் தூக்கப் போனார்.

"அது கீழேயே இருக்கட்டும்" என்றாள் வீட்டம்மா.

"அப்போ கோளாறு?"

"உங்க லீவு இன்னியோட முடியுதுல்ல? சரியாயிடும்."

வெள்ளிக்கிழமை மேனேஜர் ஆபீஸ் போனார். பதினாலு பேரும் அவர் இடுப்பைப் பற்றி அக்கறையாக விசாரித்தார்கள். சாயங்காலம் வீடு திரும்பினால் பரணுக்குப் புதுக் கதவு. மர வாசனை. வீட்டம்மா சோபாவில் காலை நீட்டிக்கொண்டு பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள்.

ஏதோ தோன்ற, மேனேஜர் உள்ளே போய்ப் பெட்டியின் தலையில் கை வைத்தார். சுட்டது.

"ஏம்மா, இது சூடா இருக்கே?"

"பதினொண்ணே காலுக்குத் தானா ஆன் ஆச்சு. நீங்கதானே சொன்னீங்க, ஆகும்னு."

வைத்த நேரத்தை எடுக்க மறந்தது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கம்ப்யூட்டரைப் போட்டுச் சீட்டாட்டத்தைத் திறந்தார். அதிகப் புள்ளிப் பட்டியலில் "மேனேஜர்" இரண்டாவது இடத்தில் ஆரம்பித்தது. முதல் இடத்தில் பேரில்லை. புள்ளி மட்டும் இருந்தது, அவருடையதைப் போல ஒன்றரை மடங்கு.

"ஆன் ஆனது சரி" என்றார் தொண்டையைச் செருமிக்கொண்டு. "ஆடினது யாரு?"

வீட்டம்மா பத்திரிகையில் ஒரு பக்கம் புரட்டினாள்.

"தானா ஆன் ஆனது, தானா ஆடியிருக்கும். சந்தேகமா இருந்தா சொல்லுங்க, தம்பியைக் கூப்பிடுறேன். சமையலறை அலமாரி நாலும் அப்படியேதான் கிடக்கு."