நீரேற்று வாரிய ஹாக்கி அணிச் சீரமைப்புத் திட்டம்

பொதுமக்களுக்குச் செவ்வனே சேவை புரியும் பொருட்டு நிறுவப்பட்ட எந்த அலுவலகத்துக்கும் ஒரு ஹாக்கி அணி அவசியம் என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள். தாம்பரத்தில் இருந்த எங்கள் புறநகர் நீரேற்று வாரியத்துக்கும் ஒன்று இருந்தது. மழைக்காலத்தில் தேங்கும் தண்ணீரை மோட்டார் வைத்து இறைப்பதுதான் வாரியத்தின் வேலை. அதில் ஹாக்கி எங்கே வந்தது என்று கேட்காதீர்கள். எந்தக் காலத்திலோ ஒரு அதிகாரிக்கு ஹாக்கி பிடித்திருந்தது. அவர் ரிடையர் ஆகிப் போய்விட்டார், ஹாக்கி போகவில்லை. தண்ணீரும் போகவில்லை, அது வேறு விஷயம்.

அணி ஆறு வருஷமாக ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. அதில் யாருக்கும் வருத்தமில்லை. தோற்றாலும் ஆட்டத்தன்று அரை நாள் பெர்மிஷன் உண்டு. நான் அங்கே ஆர்டர் டைப் அடிக்கும் கிளார்க், பெயர் ராஜகோபால். எனக்கும் அந்த அரை நாள் போதுமானதாகவே இருந்தது.

வயிறு எரிந்தது ஒரே ஒருவனுக்குத்தான். அவன் ஏகநாதன், எங்கள் கோல் கீப்பர். முடிச்சூர்க்காரன். ஹாக்கி ஆடுவான் என்பதற்காகவே மோட்டார் ஓட்டும் தினக்கூலியாகச் சேர்க்கப்பட்டவன். விளையாட்டுக்காக எடுத்த தினக்கூலியை, அணி ஒரு ஆட்டமாவது ஜெயித்தால்தான் நிரந்தரம் செய்யலாம் என்று வாரியத்தில் ஒரு விதி. அவனுக்கு ஜெயக்கொடி என்ற பெண்ணை நிச்சயம் பண்ணி வைத்திருந்தார்கள். பெண்ணின் அப்பா சிட்டிபாபு, வயலையெல்லாம் பிளாட் போட்டு விற்று, கழுத்தில் சங்கிலியும் காலில் ஷூவுமாகத் திரிந்தவர். அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"பர்மனெண்ட் ஆயிட்டு வா, தை மாசம் தாலி கட்டு. இல்லேன்னா கூடுவாஞ்சேரில ஒரு பேங்க் மாப்ள ரெடியா கீறான்."

இந்த நிலையில்தான், தொண்ணூற்று மூன்றாம் வருஷம், பத்ரிநாராயணன் சார் எங்களுக்கு அதிகாரியாக வந்தார். கூடவே ஒரு கம்ப்யூட்டரும் வந்தது. அப்போது ஊரெல்லாம் அந்தப் பைத்தியம். தாம்பரம் மேற்கில் கம்ப்யூட்டர் ஜாதகம், கிழக்கில் கம்ப்யூட்டர் கண் பரிசோதனை. எங்கள் ஆபீஸில் அதற்குத் தனி அறை, ஏசி, மானிட்டருக்குச் சந்தனப் பொட்டு. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கம்ப்யூட்டருக்குத் துணையாக அதிகாரியும் அந்த அறைக்கே குடிபெயர்ந்துவிட்டார்.

கம்ப்யூட்டர் விற்ற கடைக்காரன் சும்மா ஒரு ஃபிளாப்பி கொடுத்திருந்தான். அதைப் போட்டால் 'ஹாக்கி மேனேஜ்மெண்ட்' என்று திரையில் வரும். வீட்டுப் பிள்ளைகள் பொழுதுபோக்க ஆடுகிற விளையாட்டு அது. பத்ரிநாராயணன் சார் 'மேனேஜ்மெண்ட்' என்ற வார்த்தையைப் பார்த்தார், மேலிடம் அனுப்பியது என்று முடிவு செய்தார். முடிவு செய்ததை மாற்றும் வழக்கம் அவருக்கு இல்லை.

"ராஜகோபால், நம்ம டீமை சயின்டிஃபிக்கா ரீபில்ட் பண்ணப் போறோம். எல்லாருடைய சர்வீஸ் ரிஜிஸ்டரையும் கொண்டு வாங்க."

"ஆடிக் காட்டச் சொன்னா போதாதா சார்?"

"ஆடறதை வெச்சு எப்படி ஒரு ஆளை எடை போட முடியும்? ரெக்கார்டு வேணாமா?"

கம்ப்யூட்டர் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் நூற்றுக்கு இத்தனை என்று மார்க் கேட்டது. வேகம் எவ்வளவு என்று முதல் கேள்வி. சாயங்காலம் மணி அடித்தபின் எலக்ட்ரிக் டிரெயினை யார் முதலில் பிடிக்கிறார் என்று பார்த்து மார்க் போட்டார். ஆபீஸ் முழுக்கத் தொண்ணூறுக்கு மேல். ஆக்ரோஷம் எவ்வளவு? வாங்கிய மெமோக்களை எண்ணினார். யூனியன் செயலாளர் கேசவன் நூற்றுக்கு நூறு வாங்கி முன்வரிசைக்குப் போனார். உடல் தெம்புக்கு, யார் குறைவாக லீவு எடுத்தார் என்று பார்த்தார். ரெக்கார்டு ரூம் பச்சையம்மா அக்கா இருபத்தெட்டு வருஷத்தில் பிரசவத்துக்குத் தவிர லீவே போட்டதில்லை. அவரும் அணியில் சேர்ந்தார்.

"இன்னாப்பா இது அநியாயமா கீது? முட்டி வலில நான் மாடிப்படியே ஏற்றதில்ல" என்றார் அக்கா.

"நீங்க ஓட வேணாம்க்கா. கம்ப்யூட்டர் ஓடும்" என்றேன்.

"அப்ப சரி. டிபன் குடுப்பாங்களா?"

கோல் கீப்பர் விஷயத்தில் சார் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. பில் செக்ஷன் வேதாசலத்தைப் போட்டார். இருபது வருஷமாக ஒரு பில்கூட முதல் தடவையில் வேதாசலத்தைத் தாண்டிப் போனதில்லை. நல்ல பில், கெட்ட பில் என்ற பாகுபாடே அவரிடம் கிடையாது, எது வந்தாலும் ஆட்சேபணை எழுதித் திருப்பி விடுவார். கம்ப்யூட்டரில் அவருக்குத் தொண்ணூற்றொன்பது மார்க்.

ஏகநாதனுக்கு எவ்வளவு என்கிறீர்களா? தினக்கூலிக்குச் சர்வீஸ் ரிஜிஸ்டர் கிடையாது. ரிஜிஸ்டர் இல்லாததால் மார்க் இல்லை. மார்க் இல்லாததை கம்ப்யூட்டர் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டது.

பையன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நின்றான். "சார், போன மேட்ச்ல பதினாலு பால் தடுத்தேன் சார்."

"அது எங்கே பதிவாகியிருக்கு?"

"இதோ, கால்ல சார்." பேண்ட்டைத் தூக்கிக் கன்றிப்போன முழங்காலைக் காட்டினான்.

"இதை எப்படிப்பா டைப் அடிக்கிறது?" என்று சார் அன்போடு கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

இன்னொன்று சொல்ல வேண்டும். கம்ப்யூட்டரில் ஒரு பக்கத்துக்கு ஆறு பேர்தான் ஆடினார்கள். மைதானம் வெளேர் என்று இருந்தது. அது பனிக்கட்டித் தரையில் ஆடும் ஹாக்கி என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? கறுப்பு வெள்ளை மானிட்டரில் எல்லாமே வெளுப்பாகத்தான் தெரியும். பனிக்கட்டியை நாங்கள் மீன்கூடையில் தவிர வேறெங்கும் பார்த்ததில்லை. பதினொரு பேர் ஆறாகக் குறைந்ததை 'ஆள்சிக்கன நடவடிக்கை' என்று சார் தலைமையகத்துக்கு எழுதினார். உடனே பாராட்டு வந்தது. மிச்சம் ஐந்து பேரை உபரி ஊழியர்கள் என்று அறிவித்தார். நிஜமாகவே பந்தை அடிக்கத் தெரிந்த இரண்டு பேர் அதில் இருந்தார்கள். அவர்களை அஸ்தினாபுரம் மோட்டார் ஷெட்டுக்கு மாற்றி, அங்கிருந்து நல்ல கையெழுத்துள்ள ஒருவரை வாங்கினார். இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு கம்ப்யூட்டரில் 'டிரேட்' என்று பெயர். ஆர்டரில் 'நிர்வாக நலன் கருதி' என்று டைப் அடித்தேன்.

அதன் பிறகு அணி ஜெயிக்க ஆரம்பித்தது பாருங்கள், அப்படி ஒரு ஜெயிப்பு! தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு சார் ஒரு பொத்தானை அமுக்குவார், நாங்கள் ஜெயிப்போம். கேசவன் மேஜைக்கு மேஜை போய் "நேத்து நான் மூணு கோல் போட்டேனாமே" என்று கேட்டுக் கொண்டிருந்தார். வேதாசலம் நடையே மாறிவிட்டது. பச்சையம்மா அக்கா முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டு, "ஓவரா ஆட வெக்கிறாரு" என்று குறைப்பட்டுக் கொண்டார்.

ஆனால் நிஜ ஆட்டம் என்று ஒன்று வந்துதானே ஆக வேண்டும்? கார்த்திகை மாசம் முடிச்சூர் மைதானத்தில் எங்களுக்கும் கால்நடைத் தீவன மேம்பாட்டுக் கழகத்துக்கும் ஆட்டம். ஏகநாதன் என்னிடம் வந்து, "அண்ணா, ஆறு பேரை வெச்சு அஞ்சே நிமிஷத்துல நாறிடும். அப்ப என்னைத்தான் கூப்புடுவாங்க. பேட் கட்டினு ரெடியா நிப்பேன்" என்றான். பாவம், அவன் கணக்கு நியாயமான கணக்கு.

முந்தின நாள் பேய் மழை. காலையில் மைதானத்தில் முழங்கால் தண்ணீர். தீவனக் கழகத்து அதிகாரி ஜீப்பில் எங்கள் ஆபீசுக்கு வந்தார். எங்கள் சார் அவரை ஏசி அறைக்கு அழைத்துப் போய்க் காபி கொடுத்து, "கிரவுண்டுக்கு ஏன் போகணும்? உங்க டீமையும் இதுல போட்டுடலாமே" என்றார். அவரும் தங்கள் ஆட்களின் சர்வீஸ் ரிஜிஸ்டர்களைக் கையோடு கொண்டுவந்திருந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று கொண்டுவந்தாராம்.

ஏகநாதன் காபி குடிக்கவில்லை. ஷெட்டிலிருந்து ஒரு மோட்டாரை மீன்பாடி வண்டியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போய், தன்னந்தனியாகக் காலையிலிருந்து மைதானத் தண்ணீரை இறைத்திருக்கிறான். உச்சிவேளைக்குத் தரை தெரிந்துவிட்டது. காலில் பேட், உடம்பெல்லாம் சேறு, மூச்சு வாங்க ஓடி வந்தான்.

"சார்! கிரவுண்டு ரெடி சார்! ஆடலாம்!"

"ஆடியாச்சேப்பா. நாம அஞ்சுக்கு ரெண்டு ஜெயிச்சுட்டோம்."

அவன் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. எனக்குப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. "ஜெயிச்சுட்டமா சார்? அப்போ எனக்கு பர்மனெண்ட்டு?"

"நீ ஆடலையே."

"யாருமே ஆடலையே சார்!"

"அப்படிச் சொல்லக் கூடாது. வேதாசலம் பிரமாதமா ஆடினார்."

வேதாசலம் காபி டம்ளரை வைத்துவிட்டு அடக்கமாகத் தலையாட்டினார்.

ஏகநாதன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். தீவன அதிகாரி அவன் காலடியில் சொட்டிய தண்ணீரைப் பார்த்து, "இது என்ன சார் தண்ணி?" என்று கேட்டார். அப்போதுதான் எங்கள் சாருக்குப் பொறி தட்டியது.

"யார் மோட்டார்லப்பா இறைச்சே?"

"நம்ம மோட்டார்தான் சார்."

"இண்டெண்ட்டு போட்டியா? அனுமதி வாங்கினியா? வாரியத்து மோட்டாரை எடுத்துத் தண்ணி இறைச்சிருக்கே! யார் உனக்கு அந்த அதிகாரம் கொடுத்தது?"

நீரேற்று வாரியத்தில் ஒருவன் நீரேற்றியது அன்றுதான் முதல் தடவையாகக் கண்டுபிடிக்கப்பட்டது. சார் கொதித்துப் போனார். அவனை வேலையை விட்டு நிறுத்த அப்போதே ஆர்டர் அடிக்கச் சொன்னார். அடித்தேன். விதிப்படி அது வேதாசலம் மேஜைக்குப் போனது. வேதாசலம் அதை விடுவாரா? ஆட்சேபணை எழுதினார்: 'தினக்கூலி ஒவ்வொரு நாள் மாலையும் தானாகவே வேலையிலிருந்து நின்றுவிடுவதால், நிறுத்துவது தண்டனை ஆகாது.'

"சரி, மெமோ கொடுங்க."

'மெமோ பதிய இவருக்குச் சர்வீஸ் ரிஜிஸ்டர் இல்லை.'

"அப்ப ரிஜிஸ்டர் ஒண்ணு தொறங்க!"

'நிரந்தர ஊழியருக்கு மட்டுமே ரிஜிஸ்டர் திறக்க இயலும்.'

சார் மேஜையைக் குத்தினார். "அப்ப அவனை நிரந்தரம் பண்ணுங்கய்யா! பண்ணிட்டு சஸ்பெண்ட் பண்ணுங்க! மேனேஜ்மெண்ட்னா சும்மாவா?"

இதற்கு மட்டும் வேதாசலத்தால் ஆட்சேபணை எழுத முடியவில்லை. அணி ஜெயித்ததற்குத்தான் கம்ப்யூட்டர் அச்சடித்த அத்தாட்சி இருந்ததே. மறுநாள் முற்பகலில் 'திரு. ஏகநாதன் இதனால் நிரந்தரம் செய்யப்படுகிறார்' என்று ஒன்று அடித்தேன். பிற்பகலில் 'மேற்படியார் இதனால் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்படுகிறார்' என்று இன்னொன்று. இரண்டையும் ஒரே கவரில் போட்டுக் கொடுத்தேன். அவன் அழுதுகொண்டே வாங்கிப் போனான். என்னத்தைச் சொல்லித் தேற்றுவது? "சிட்டிபாபு கிட்ட நான் வேணா வந்து பேசறேன்டா" என்று கூடவே போனேன்.

சிட்டிபாபு இரண்டு ஆர்டரையும் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். பிறகு பெண்ணைக் கூப்பிட்டு மாப்பிள்ளைக்குக் கலர் சோடா வாங்கி வரச் சொன்னார்.

"மாமா, சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க மாமா" என்று விசும்பினான் ஏகநாதன்.

"அட, இன்னாத்துக்கு அழுவுற? பர்மனெண்ட் ஆளைத்தானேய்யா சஸ்பெண்ட் பண்ணுவான்! பேங்க்காரனை இதுவரைக்கும் யாராவது சஸ்பெண்ட் பண்ணியிருக்கானா? நாளைக்கே முகூர்த்தம் குறிக்கிறேன்."

ஜெயக்கொடி கதவோரம் நின்று சிரித்துக் கொண்டிருந்தாள். விசாரணை முடிகிறவரை அரைச் சம்பளம் வீட்டுக்கே வரும், அது அவன் வாங்கிய தினக்கூலியை விட அதிகம் என்று நான்தான் விளக்க வேண்டியிருந்தது. விசாரணை அதிகாரியை நியமிக்கும் ஃபைலையும் வேதாசலம் திருப்பி அனுப்பிவிட்டார் என்பதையும் சொன்னேன். அதாவது, ஆயுசுக்கும் வீட்டில் உட்கார்ந்து சம்பளம்.

சொன்னது ஏகநாதனுக்கு. ஆனால் மறுநாள் ஆபீஸ் முழுக்க அதே பேச்சு. கேசவன் என்னிடம் வந்து, "ஏன் ராஜகோபால், அனுமதி இல்லாம மோட்டார் எடுத்தா கட்டாயம் சஸ்பென்ஷன்தானா? மெமோவோட நிறுத்திட மாட்டாங்களே?" என்று கவலையோடு விசாரித்தார். பச்சையம்மா அக்கா மோட்டார் எவ்வளவு கனம் இருக்கும் என்று கேட்டார்.

அடுத்த வாரம் மறுபடி மழை கொட்டியது. ஆபீசுக்குப் போனேன். வேதாசலம் இல்லை. கேசவன் இல்லை. அக்கா இல்லை. எனக்குப் புரிந்துவிட்டது, அரக்கப் பரக்க மோட்டார் ஷெட்டுக்கு ஓடினேன். ஒன்றுகூட மிச்சமில்லை. கடைசி மோட்டாரைப் பத்ரிநாராயணன் சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் தள்ளிக்கொண்டு போவதைக் கண்ணாரக் கண்டேன். நான் ஒரு வாளியை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

முடிச்சூரில் ஒரு பொட்டுத் தண்ணீர் தேங்காமல் வடிந்தது, எனக்குத் தெரிந்து அந்த ஒரு மழைக்குத்தான். ஜனங்கள் மாலை வாங்கி வந்து எங்கள் ஒவ்வொருவர் கழுத்திலும் போட்டார்கள். நனைந்தபடி மாலையும் கழுத்துமாக ராத்திரி வரை காத்திருந்தோம். எங்களைச் சஸ்பெண்ட் செய்ய ஆபீஸில் ஒரு ஆள் இல்லை.