போடியார் அள்ளிக் கொடுத்த வட்டை

கைதட்டல் அடங்கிய பிறகுதான் பெரிய காணிக்காரர் என்று பேரெடுத்த அழகரத்தினம் போடியாருக்கு அந்தச் சங்கதி நினைவுக்கு வந்தது. சபை நடுவே தானம் செய்த வட்டை, அந்த வயல்காணி, அவருடையதல்ல. மனைவி கண்ணகை கொண்டுவந்த சீதனம்.

பழியை அவர் தலையில் மட்டும் போட்டுவிட முடியாது. கொழும்பில் புதிதாக வந்த பல்கலைக்கழகத்து மருத்துவக் கல்லூரியிலிருந்து ஒரு டாக்குத்தர் கிழக்குக் கரையில் வாவியோரத்து வவுணதீவுக்கு வந்திருந்தார். இங்கே தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு நிலையம் திறந்து, கல்லூரி மாணவரையும் மருத்துவிச்சிகளையும் அதில் பழக்கப் போகிறார்களாம். ஊரார் கைகொடுக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் கூட்டம் வைத்தார்கள். உலக யுத்த காலம், காருக்குப் பெற்றோல் கிடையாது. அவசரப் பிள்ளைப்பேற்றுக்கு ஓட ஒரு நல்ல வண்டில் தேவை என்ற டாக்குத்தர், முன்வரிசையில் இருந்த போடியாரைப் பார்த்துச் சிரித்தார்.

போடியாருடைய ஒற்றை மாட்டுத் திருக்கல் வண்டிலும் அதை இழுக்கும் மயிலைக் காளையும் வாவிக்கு இந்தப் பக்கம் பேர்போனவை. காளையைத் தடவிக் கொடுத்த அளவுக்கு அவர் தம் பிள்ளைகளைத் தடவிக் கொடுத்ததில்லை. பேச்சை வண்டிலைவிட்டு நகர்த்தியாக வேண்டும். சட்டென்று எழுந்து நின்றார்.

"வண்டில் என்ன பெரிய வண்டில்? நிலையத்த நடத்த வருமானம் வேணாமா? வாவிக்கரை வட்டைய நான் தாறன்."

டாக்குத்தரும் பக்கத்தில் இருந்த மருத்துவிச்சி அன்னப்பூரணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தம் பெருந்தன்மையில் வாயடைத்துப் போனார்கள் என்று போடியார் எண்ணிக்கொண்டார். ஊர் கைதட்டிய தட்டலில், நிலைய வாசலில் தம் பெயர் பொறித்த கல்லே அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

வீட்டில் கண்ணகை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். போடியார் சுற்றி வளைத்து, வட்டையைக் கல்லூரிக்குக் கொடுத்தால் தமக்கு எவ்வளவு பேர் வரும் என்று விளக்கினார்.

"வட்டை ஆர்ர பேரில கிடக்கு?" என்றாள் அவள்.

"உன்ர பேரிலதான்."

"மறுகா உங்களுக்கு எப்பிடிப் பேர் வரும்?"

அத்தோடு மீன் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். சொன்ன சொல் பொய்த்தால் கோயிலில் போடியாருக்குள்ள மரியாதை அன்றோடு சரி.

தாய் வீட்டுக் காணி நினைவுக்கு வர, பனிச்சங்கேணி வரை வண்டில் ஓட்டிப் போனார். அந்தப் பக்கத்து வழக்கப்படி தாயின் காணியெல்லாம் தங்கை சீதேவிப்பிள்ளைக்குப் போயிருந்தது. அண்ணனைக் கண்ட பூரிப்பில் அவள் சோறும் எருமைத் தயிரும் வைத்தாள். பேச்சு காணியில் வந்து நின்றதும் தயிர்ச் சட்டியை உள்ளே எடுத்துக்கொண்டு போனாள். தங்கச்சி காணிக்கு வாய் வைத்தவர் என்ற கதை, போடியார் வீடு திரும்புமுன்பே ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது.

மானம் போன எரிச்சலில் அவர் டாக்குத்தரிடம் ஓடினார். வட்டைக்குக் கொஞ்சம் சுணக்கம், எருமைப் பட்டியைத் தருகிறேன் என்றார். டாக்குத்தருக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். வட்டையோடு எருமையும் கிடைத்தால் தாய்மாருக்குப் பாலுக்குக் குறைவிராது என்று கண்டவரிடமெல்லாம் சொல்லிவைத்தார். ஒன்றைக் கழிக்கப் போன போடியார் இன்னொன்றைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

பட்டிக்குப் போய்ப் பார்த்தார். ஒவ்வோர் எருமையின் தொடையிலும் கண்ணகையின் தாய்வழிக் குடியின் சூட்டுக்குறி பளிச்சென்று இருந்தது. வீடு அவளுடையது, வயல் அவளுடையது, எருமையும் அவளுடையது. கலியாணம் முடித்து அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தவர் அவர்தான். சொந்தக் காசில் வாங்கியவை வண்டிலும் காளையும் மட்டுமே. அந்த நினைப்பு வந்த வேகத்திலேயே அதை விரட்டிவிட்டார்.

அப்போதுதான் டாக்குத்தர் கூட்டத்தில் சொன்ன இன்னொரு பேச்சு ஞாபகம் வந்தது. மாணவர்கள் வெட்டிப் படிக்கப் பிரேதம் போதாமல் கல்லூரி தவிக்கிறதாம். போடியாருக்கு உயிர் வந்தது. செத்த பிறகு கொடுப்பதில் அவருக்கு ஒரு சிரமமும் இல்லை.

மறுநாள் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு டாக்குத்தரைப் பார்க்கப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்.

"டாக்குத்தர் ஐயா, வட்டை, எருமையெல்லாம் அற்பச் சொத்து. நான் என்னையே தாறன். கண்ண மூடினாப் பிறகு என்ர உடம்பக் கல்லூரிக்குக் கொண்டு போங்க."

பெரியவர்கள் தலை குனிந்தார்கள். தம் தியாகத்தை நினைத்து அவருக்கே அழுகை வந்தது.

டாக்குத்தர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பெரிய மனசு, போடியார். ஆனா நிலையம் வாற கிழமை திறக்கிறம்."

"அதுக்குள்ள என்னால சாக ஏலாதே" என்றார் போடியார்.

பக்கத்தில் நின்ற மருத்துவிச்சி அன்னப்பூரணி முந்தானையால் சிரிப்பை மறைத்துக்கொண்டு சொன்னாள்:

"நீங்க சாக வேணாம், போடியார். வட்டையக் கண்ணகை அக்கா போன மாசமே எழுதித் தந்திட்டா. கூட்டம் வச்சதே உங்கட வண்டிலுக்குத்தான்."