குடம்புளியில் ஊறிய கோடாலி

குழந்தை இருக்கும் வீட்டில் எதற்கெடுத்தாலும் பயப்பட ஓர் ஆள் வேண்டும். சித்திரபுரத்து எங்கள் குவாட்டர்ஸில் அந்தப் பதவி என்னுடையது. பாப்பா தும்மினால் ஃபோனை எடுத்துக் காரணம் தேடுவேன். தும்மாவிட்டாலும் தேடுவேன். (ஏன் இன்னும் தும்மல?) அப்படிப்பட்டவள் கோடாலியைத் தொட்ட கதையை என் மதினி, அதாவது கணவரின் அக்கா, தான் குடியிருக்கும் போடி ஊர் முழுக்கத் தப்பாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஊர்க் குளிருக்கு வெந்நீர் அடுப்பு எரியாமல் பாப்பாவைக் குளிப்பாட்ட முடியாது. பின்பக்கம் விறகுக் கட்டைகள் அடுக்கித்தான் கிடந்தன. பிளக்கத்தான் ஆள் இல்லை. கணவர் சேவியர் எஸ்டேட் ஆபீஸிலிருந்து வந்து, டீ குடித்து, செய்தி பார்த்து, மனது வைத்து, பக்கத்து வீட்டுக் கோடாலியை இரவல் வாங்கி வருவதற்குள் பாப்பா தூங்கிவிடுவாள். எங்களுடைய கோடாலி கோழிக்கூட்டுக்கு அடியில் துருவேறிக் கிடந்தது. ஒருநாள் அதைப் பழைய இரும்புக்குப் போட எடுத்து வைத்தார்.

"போடாதீங்க. நான் சரி பண்ணுதேன்."

"நீயா? ஊசி குத்துனதுக்கே ஆஸ்பத்திரிக்குப் போவோம்னவ."

(சொன்னது உண்மைதான். ஆனால் அது துருப்பிடித்த ஊசி.)

அந்த நொடியில் முடிவு செய்தேன். உளுத்த காம்பு தட்டியதும் உதிர்ந்துவிட்டது. மீதி இரும்பை வினிகரில் ஊறவைக்கச் சொன்னது ஒரு வீடியோ. எங்கள் வினிகர் பாட்டிலில் அடி நனைய மட்டும்தான் இருந்தது. புளிப்புதானே வேண்டும்? மீன் குழம்புக்குப் போடும் குடம்புளி தாராளமாக இருந்தது. உலோகப் பாத்திரம் ஆகாதாம். பிளாஸ்டிக் வாளி பாப்பா குளிக்கிற வாளி. மிஞ்சியது மண்சட்டி. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஜோடிக் கையுறை மாட்டிக்கொண்டு, கோடாலியைப் புளித் தண்ணீரில் முக்கி, யாரும் கேலி செய்யாதபடி மூடி, அடுப்படி மூலையில் தள்ளி வைத்தேன்.

மறுநாள் காலையில் எடுத்து உப்புத்தாளால் தேய்த்தேன். துரு சேறு மாதிரி வழிந்து, உள்ளே இரும்பு தெரிந்தது. பிரசவத்துக்குப் பிறகு நானாகத் தொடங்கி நானாக முடித்த முதல் வேலை. அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். பாப்பா அழுதாள். ஓடினேன். சட்டியில் தண்ணீர் அப்படியே இருந்தது.

அன்று மதியம் மதினி வந்திருந்தார். எங்களோடு இருக்கும் அத்தை, சேவியரின் அம்மா, எல்லாருக்கும் மீன் குழம்பு ஊற்றினார்.

"இன்னைக்குக் குழம்பு இவ புண்ணியம். நான் சொல்லாமலே புளிய ஊறப்போட்டு வச்சிருக்கா. தேறிட்டா புள்ள."

கல்யாணமாகி வந்ததிலிருந்து மாமியார் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு. ஒரு வாய்ச் சோறு இறங்கும்வரை அனுபவித்தேன். பிறகுதான், நான் எந்தப் புளியையும் குழம்புக்கு ஊறப்போடவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

குடம்புளித் தண்ணீர் எப்போதுமே கறுப்புதான். அதில் கோடாலி ஊறியதை யார் கண்டார்கள்?

"நல்ல நிறமா வந்திருக்கும்மா. வாயிலதான் சில்லறைக் காசப் போட்டுக்கிட்ட மாதிரி இருக்கு," என்றார் மதினி.

"மீனு புதுசு. அப்படித்தான் இருக்கும்," என்று சேவியர் இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டார்.

வாயைத் திறக்காமல் இருந்தால் ஆயுசுக்கும் நல்ல மருமகள். இவர்கள் வயிற்றுக்கு ஏதாவது ஆனால்? எந்த ஜீப்பைக் கூப்பிடுவது, பாப்பாவை யார் பார்ப்பது என்பதுவரை மனது போய்விட்டது.

"அத்தை, சாப்பிடாதீங்க. அது கோடாலி ஊறின தண்ணி."

"என்ன ஊறின தண்ணி?" என்றார் மதினி.

"கோடாலி. துரு போறதுக்கு."

"எந்தக் கோடாலி?" என்று கேட்டார் அத்தை, நல்ல கோடாலியாக இருந்தால் பரவாயில்லை என்பதுபோல.

சேவியர் தட்டைக் கீழே வைத்தார். "கோழிக்கூட்டுக்கு அடியில கெடந்ததுதாம்மா."

 சுகாதார நிலையத்து சிஸ்டருக்கு நான்தான் ஃபோன் செய்தேன். அவர் சிரித்து முடிக்கக் காத்திருந்தேன். "குழம்பக் கொட்டிருங்க. வயித்து வலி, வாந்தின்னா கூட்டிட்டு வாங்க," என்றார். மதினி சொல்லும் கதையில் எல்லாரும் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு படுத்திருப்பார்கள். பொய். மதினிக்கு விக்கல் வந்தது, அவ்வளவுதான்.

இன்றைக்கும் விருந்தாளி வந்து இலை போட்டால் சேவியர் குழம்பை முகர்ந்து, "இது மண்வெட்டியா, அரிவாளாம்மா?" என்று கேட்பார். வீடே சிரிக்கும். சிரிக்கட்டும். அடிமாலியில் வாங்கிய புதுக் காம்பு கோடாலிக்குக் கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

அத்தை குடம்புளி டப்பாவை என் கைக்கு எட்டாத பலகையில் ஏற்றிவிட்டார். மீன் குழம்பு வைக்க எனக்கு இனி அனுமதி இல்லை. மீன் கழுவுவதும் கூடாதாம். அவர் செதில் உரசிக்கொண்டிருக்கும்போது நான் பின்பக்கம் விறகு பிளந்து, வெந்நீர் போட்டு, பாப்பாவைக் குளிப்பாட்டியே முடித்துவிடுகிறேன். இதைப் பெரிய தண்டனை என்று அத்தை நம்புகிறார். அவருக்குச் சந்தேகம் வராதிருக்க, அடுப்படியைத் தாண்டும்போதெல்லாம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்கிறேன்.