ஐந்து பெயர், ஒரே கார்டு

வரவேற்பறையிலிருந்து டொக், டொக் என்று சத்தம் வந்தது. அடுப்படியில் வடைக்கு மாவு ஆட்டிக்கொண்டிருந்த ருக்மிணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாளைய கூட்டத்துக்கு வாடகைக்கு எடுத்து வந்த மைக்கை அவள் வீட்டுக்காரர் விரலால் சுண்டிப் பார்க்கிறார், அவ்வளவுதான்.

"டெக்ஸாஸ், இர்விங்கிலிருந்து... திரு. முகிலன் அவர்கள்."

பிறகு சற்று மௌனம். அது கைதட்டலுக்காக விட்ட இடம்.

வாசகர்களே, இந்த இனத்தை உங்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. போன வாரம்கூட உங்கள் தோளில் கை போட்டுப் பேசியிருக்கும். பிறர் பேரில் கொடுக்கும் வள்ளல் என்று பெயர். அமெரிக்காவில், எங்கள் பிஸ்கட்டவே ஊரில் தெருவுக்கு ஒருவர் உண்டு. சன்னிவேலில் தோசைக்கடைக்கு ஒருவர். அமெரிக்கக் குடியுரிமை கைக்கு வந்த மறுநாளே இவருக்கு நாட்டைப் பற்றிய கவலை பிறந்துவிடும். வாசலில் வேட்பாளர் பெயர்ப் பலகை முளைக்கும். மாடிப்படிச் சுவர் நெடுக மேயரோடும் கவுன்சிலரோடும் பள்ளிக்கூட போர்டு மெம்பரோடும் எடுத்த படங்கள் ஏறும். அவற்றில் தலைவரின் தோள்பட்டையும் இவருடைய முழு முகமும் தெளிவாகத் தெரியும். வேட்பாளரின் கொள்கை என்ன என்று கேட்டுப் பாருங்களேன்.

"நல்ல மனுசனுங்க. போன பொங்கல் விழாவுக்கு வேட்டி கட்டிட்டு வந்தாருங்க."

தீர்ந்தது கொள்கை.

ருக்மிணியின் கணவர் நஞ்சுண்டன் இந்த இனத்தின் உத்தமமான மாதிரி. இந்த முறை அவருக்கு வாய்த்தது பெரிய இடம். வாஷிங்டன் போகத் துடிக்கும் ஒரு வேட்பாளர், நிதி திரட்ட நாளை அவர் வீட்டுக்கே வருகிறார். பத்துப் பேரைக் கொடுக்க வைப்பவருக்கு வேட்பாளருடன் தனியாக ஒரு படம். தனியாக. குறுக்கே எவன் தோளும் கிடையாது. அந்தப் படத்துக்காக மாடிப்படியில் அக்கா மகன் கல்யாணப் படத்தைக் கழற்றி ஆணியைக் காலியாக வைத்திருந்தார் மனிதர்.

ஆனால் சேர்ந்தது ஐந்து பேர்தான். மற்ற நண்பர்கள் "பாக்கலாம் நஞ்சுண்டன்" என்றார்கள். நம்மவர்கள் 'பாக்கலாம்' என்றால் என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியாதா என்ன?

நஞ்சுண்டன் கோபிச்செட்டிபாளையத்துக்காரர். அங்கே கல்யாணத்துக்குப் போனால் தன் பேரில் ஒரு மொய், வர முடியாத பெரியப்பா பேரில் ஒரு மொய், பம்பாயில் இருக்கும் தம்பி பேரில் ஒன்று. எல்லாம் ஒரே சட்டைப் பையிலிருந்துதான். மைக்கில் பெயர்களை வாசிக்கும்போது பெரியப்பாவின் மானம் காப்பாற்றப்படும். இதில் தப்பென்ன? நேற்று ராத்திரி லேப்டாப்பைத் திறந்தார். மாமனார், மச்சான், ஒன்பது வயது மகள், சன்னிவேல் தம்பி, தம்பி மனைவி என்று ஐந்து பேர் பேரில் தன் கார்டிலிருந்தே கொடுத்தார். 'இது என் சொந்தப் பணம், நான் குடிமகன் அல்லது கிரீன் கார்டு உள்ளவர்' என்று ஒவ்வொரு முறையும் ஒரு கட்டம் வந்தது. கட்டம் என்று இருந்தால் டிக் அடிப்பதுதானே முறை? கோபியில் இருக்கும் மாமனாருக்குத் தொழில் 'மஞ்சள்' என்றும், எங்கே வேலை பார்க்கிறார் என்ற இடத்தில் 'யாருக்கும் கைகட்டாதவர்' என்றும் எழுதினார். எழுதும்போது அவருக்கே கண் கலங்கிவிட்டது.

ருக்மிணியின் போன் அடித்தது. இர்விங்கிலிருந்து அவள் தம்பி முகிலன்.

"அக்கா, நான் யாருக்கு டொனேட் பண்ணேன்?"

"என்னடா உளர்ற?"

"'டியர் முகிலன், உங்க பெருந்தன்மைக்கு நன்றி'ன்னு மெயில் வந்திருக்கு. நான் விசால இருக்கேன்க்கா. விசால இருக்கறவங்க இங்க எலக்‌ஷனுக்குக் காசு கொடுக்கவே கூடாது. கிரீன் கார்டு ப்ராசஸ்ல இருக்கறப்ப இது என் பேர்ல நின்னா என்ன ஆகும்? லாயருக்கு போன் பண்ணேன். கேட்டுட்டு ஒரு நிமிஷம் பேசவே இல்ல. நிமிஷத்துக்கு சார்ஜ் பண்ற ஆளுக்கா அவரு."

ருக்மிணி கிரைண்டரை நிறுத்தினாள். வரவேற்பறையில் அவள் அப்பாவின் பெயர் மைக்கில் கணீரென்று ஒலித்துக்கொண்டிருந்தது. அவள் மாவுக் கையோடு அங்கே போவதற்குள் வாசல் மணி அடித்தது.

வந்தவள் ரெனிஷா. தமிழ்ச் சங்கத்து ஜார்ஜின் பெண். வேட்பாளரின் அலுவலகத்தில், வருகிற பணம் சட்டப்படி வருகிறதா என்று பார்ப்பது அவள் வேலை.

"அங்கிள், அஞ்சு பேர், ஒரே கார்டு. எங்க சிஸ்டம் சிவப்பா காட்டுது."

"எல்லாரும் ஒரே குடும்பம்மா."

"ஒருத்தர் கோபில இருக்கார். ஒருத்தங்க மூணாவது படிக்கிறாங்க."

நஞ்சுண்டன் மைக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "சொந்தக்காரங்க பேரு ஒரு சபையில கேக்கட்டும்னு நெனச்சேன். அன்பு வைக்கறது குத்தமாம்மா?"

"அன்பு குத்தம் இல்ல அங்கிள். இன்னொருத்தர் பேர்ல டொனேட் பண்றதுதான் குத்தம்."

"அடுத்த வாரம் நம்ம சங்கத்து ஜூடித் வீட்டுக் கல்யாண ரிசப்ஷன். அங்கயும் இவ தம்பி பேர்ல நான்தான் மொய்க் கவர் வெக்கப் போறேன். அதுக்கும் சிஸ்டம் சிவப்பாகுமா?"

"அது கல்யாணம். இது எலக்‌ஷன்." ரெனிஷா குரலைத் தாழ்த்தினாள். "ஒரே ஒரு கேள்வி. முகிலன் தானா குடுத்தாரா?"

என்ன நொடி அது, வாசகர்களே. ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் மற்ற நாலையும் பேசிச் சமாளித்துப் பத்துப் பேரைப் பத்தாகவே நிறுத்திவிடலாம் என்று அவருக்கு நப்பாசை. ஆணியில் படம் ஏறும், பழி முகிலன் தலையில் ஏறும். இல்லை என்றால் ஐந்தும் போச்சு, படமும் போச்சு. பிஸ்கட்டவேயே மூச்சடக்கி நின்றது. பக்கத்து வீட்டுப் புல்வெட்டும் மெஷின் மட்டும் நிற்கவில்லை. நஞ்சுண்டன் மாடிப்படியைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

ருக்மிணி மாவுக் கையில் போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள். இணைப்பைத் துண்டிக்காமல் இர்விங்கில் ஒருவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அவனுக்குத் தெரியாதும்மா," என்றார் நஞ்சுண்டன். "அஞ்சையும் நானேதான் போட்டேன்." மைக் அணைக்கப்படாமல் இருந்ததால் இந்த வாக்குமூலம் வீடு முழுக்க முழங்கியது. கைதட்டல்தான் இல்லை.

"இதையே எழுதிக் குடுங்க அங்கிள். பணம் திரும்பி வந்துடும். முகிலன் பேர்ல எதுவும் நிக்காது. உங்களைப் பத்தி எங்க வக்கீல் நாலு கேள்வி கேப்பாரு, நிஜத்தை மட்டும் சொல்லுங்க."

"அப்ப போட்டோ?"

"குரூப் போட்டோ இருக்கு. ரெண்டாவது வரிசை."

போனிலிருந்து, "மாமா, தேங்க்ஸ்," என்று ஈனஸ்வரத்தில் ஒரு குரல் வந்தது.

"ஏனுங்க, அந்தக் கல்யாணப் படத்தைத் திரும்ப மாட்டிருங்க," என்றாள் ருக்மிணி. எட்டு வடை போட்டு எடுத்து வந்து ரெனிஷா முன் வைத்தாள். அவள் நான்கு தின்றாள். வடையையும் நன்கொடைக் கணக்கில் எழுத வேண்டுமா என்று நஞ்சுண்டன் கேட்டதற்கு மட்டும் முறைத்தாள்.

இவ்வளவும் படித்துவிட்டு, ஐயோ பாவம் நஞ்சுண்டன் என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் போன கல்யாணத்தில் உங்கள் கையிலிருந்து எத்தனை கவர் போனது, அதில் எத்தனை பேர் மண்டபத்தில் இருந்தார்கள் என்பதை மட்டும் ஒரு தரம் நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர்களுக்கும் இது பொருந்தும்.

ஏனென்றால் ஷூவை மாட்டிக்கொண்டு வாசல்வரை போன ரெனிஷா திரும்பி நின்று, "ஆன்ட்டி, ஜூடித் வீட்டு ரிசப்ஷனுக்கு என்னால வர முடியாது. என் பேர்லயும் ஒரு கவர் வெச்சுடுறீங்களா? அப்புறமா தந்துடறேன்," என்றாள்.

நஞ்சுண்டன் வாயைத் திறந்தார். ருக்மிணி அதற்குள் கதவைச் சாத்திவிட்டாள்.