பெட்டிக்கு ரப்பர் கரை

அந்த வாரம் நான் போர்மேன் ஆவதென்று முடிவு செய்துவிட்டேன். முதலாளிக்குத்தான் இன்னும் தெரியாது.

முதலாளி கலீலுல்லா பாய், கடையநல்லூர்க்காரர். தாராவியில் அவருக்குப் பட்டறை. மில்களுக்கு மின்சார ஸ்விட்சுகள் வைக்கும் தகரப் பெட்டி செய்து கொடுப்போம். பெட்டியின் பக்கத்தில் ஒரு ஓட்டை இருக்கும். அது வழியாகத்தான் ஒயர் உள்ளே போகும். அந்த ஓட்டையைப் போடுவது என் வேலை. என் பெயர் பிரம்மநாயகம். பெயரில் பிரம்மா இருந்து என்ன பயன்? நான் படைத்ததெல்லாம் ஓட்டைதான்.

தகர ஓட்டையின் விளிம்பு சவரக்கத்தி மாதிரி இருக்கும். பெட்டி கொஞ்சம் அதிர்ந்தால் போதும், ஒயரின் மேல்தோலை அறுத்துவிடும். அதன்பின் பெட்டியைத் தொடுகிறவன் சலங்கை கட்டாமலே ஆடுவான். அதனால் விளிம்பைச் சுற்றி ஒரு ரப்பர் பட்டியைக் கவ்வ வைப்போம். நீளவாக்கில் பிளவு உள்ள, எப்படியும் வளைந்து கொடுக்கிற பட்டி. சீமையிலிருந்து வந்துகொண்டிருந்தது. அறுபத்தைந்தில் பாகிஸ்தானோடு நடந்த சண்டைக்குப் பிறகு இறக்குமதிக்குக் கெடுபிடி வந்து, பட்டி வருவது நின்றுபோயிற்று. பட்டி இல்லாமல் அனுப்பிய பெட்டிகளை ஒரு மில்லில் அப்படியே லாரியில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பாய் எங்களையெல்லாம் கூப்பிட்டு நிறுத்தினார்.

"இப்படியே போனா பட்டறையைப் பூட்டிட்டு நான் ஊரைப் பாக்கப் போக வேண்டியதுதான்வே. பட்டிக்கு எவன் வழி சொல்லுதானோ, அவன்தான் இனிமே போர்மேன்."

எனக்குப் போட்டி வெல்டிங் பார்க்கும் வானமாமலை. என்னைவிட இளையவன். இன்றைக்கு 'அண்ணாச்சி' என்கிறவன், போர்மேன் ஆகிவிட்டால் நாளைக்கே 'ஏ பிரம்மநாயகம்' என்பான். அதை நினைத்தாலே எனக்கு வேர்த்தது.

தாராவி லேபர் கேம்ப் குடியிருப்பில் இருந்த வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"வல்லி, இனிமே நீ போர்மேன் சம்சாரம்."

"அப்ப உங்களுக்கு என்ன சோலி?"

"நான்தாம்ட்டி போர்மேன்."

"ஆயிட்டீங்களா?"

"ஆகப்போறேன்."

"ஆகுத வரைக்கும் இந்த வெங்காயத்தை உரிங்க."

செண்பகவல்லி அப்படித்தான். என் லட்சியங்களுக்கெல்லாம் அவள் கொடுக்கும் முதல் வேலை வெங்காயம்தான்.

ஆராய்ச்சியை ஆரம்பித்தேன். சைக்கிள் டியூபை வெட்டி விளிம்பில் ஒட்டினேன். ஒட்டியது விரல்தான். செருப்பு வாரைக் கீறிப் பார்த்தேன். அது வளைய மாட்டேன் என்றது. கடைசியில், ரப்பரை உருக்கிப் பட்டியாகவே வார்த்துவிடலாம் என்று அவளுடைய குழம்புச் சட்டியில் போட்டு ஸ்டவ்வில் ஏற்றினேன். வாடை அடுத்த பேட்டையான சயான் வரைக்கும் போயிருக்கும். பக்கத்து வீட்டுப் பூமாரி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டுவிட்டுப் போனாள். அதற்குள் செண்பகவல்லி கடையிலிருந்து திரும்பிவிட்டாள்.

"சட்டியில என்ன வேகுது?"

"ஆராய்ச்சி."

"தொட்டுக்க அப்பளம் பொரிக்கட்டுமா?"

பொரிக்கவில்லை. அன்று எனக்குச் சோறும் இல்லை. சட்டி போயிற்று, சட்டியோடு என் செல்வாக்கும் போயிற்று.

இரண்டு நாள் கழித்து, காலையில் முகம் கழுவப் போனேன். எங்கள் வீட்டுத் தண்ணீர் டிரம், எண்ணெய் டிரம்மின் தலையை வெட்டிச் செய்தது. அதன் விளிம்பில் கையை அறுத்துக்கொள்ளாத நாளே கிடையாது. அன்றைக்கு அறுக்கவில்லை. குனிந்து பார்த்தேன். விளிம்பு முழுவதும் கறுப்பு ரப்பர், புடவைக்குக் கரை வைத்த மாதிரி கச்சிதமாகக் கவ்விக்கொண்டிருந்தது. தெருக்குழாயில் மாட்டித் தண்ணீர் பிடிக்கும் ரப்பர் குழாயை யாரோ நீளவாக்கில் ஒரே நேராகக் கீறி மாட்டியிருக்கிறார்கள்.

"இது யாரு செஞ்சது?"

"நான்தான். செம்பை முக்கும்போதெல்லாம் கை கிழியுது. உங்ககிட்ட சொன்னா டிரம்முல ஓட்டை போட்டுருவீங்க."

"சுமாராத்தான் இருக்கு" என்றேன்.

அவள் குழாயடிக்குப் போனதும் டிரம்மின் பின்பக்கத்தில் ஒரு சாண் வெட்டி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இதைத் திருட்டு என்று சொல்லக் கூடாது. டிரம் என்னுடையது. பட்டிக்குச் சொந்தக்காரி எனக்குச் சொந்தக்காரி. வீட்டுச் சொத்தை வீட்டுக்காரன் எடுத்தான், அவ்வளவுதான்.

பாய் பட்டியை ஒரு பெட்டி ஓட்டையில் மாட்டிப் பார்த்தார். ஒயரை உள்ளே விட்டு முன்னும் பின்னும் இழுத்தார். ஒரு கீறல் இல்லை.

"யாரு மூளைவே இது?"

"நம்ம மூளைதான் பாய்."

'நம்ம' என்பதில் அவளும் அடக்கம். ஆகவே நான் பொய் சொல்லவில்லை.

வானமாமலையின் முகம் வெல்டிங் புகை இல்லாமலே கறுத்தது. பாய் அன்றைக்கே குழாய் வாங்கி வரச் செய்து, ஒரு பெரிய சுருளை என் தோளில் ஏற்றினார். "சனிக்கிழமைக்குள்ள பூராத்தையும் கீறிக் கொண்டாரும். மத்ததை அப்புறம் பேசுவோம்."

அந்த 'மத்தது' எது என்று எனக்குத் தெரியாதா?

அவள் வீட்டில் இல்லாத சமயம் பார்த்துக் கத்தியை எடுத்தேன். குழாய் வழுக்கியது. கத்தி கொஞ்ச தூரம் நேராகப் போகும். பிறகு தாமிரபரணி மாதிரி வளையும். பிறகு என் கட்டை விரலில் வந்து கலக்கும். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கையில் அவள் வந்துவிட்டாள்.

"வல்லி, சும்மா கேக்கேன். அந்தக் குழாயை நேரா எப்படிக் கீறின?"

"எதுக்கு?"

"பொது அறிவு."

"பொது அறிவுக்கு எதுக்கு இம்புட்டு ரத்தம்?"

சுருளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"நான் கீறித் தாரேன். ஆனா நான் கீறும்போது நீங்க வீட்டுல இருக்கப்படாது. அந்த நேரத்துக்குக் குழாயடியில போய்த் தண்ணி பிடிங்க."

இப்படியாக, வருங்காலப் போர்மேன் பெண்கள் வரிசையில் குடத்தோடு நின்றேன். திரும்பி வரும்போதெல்லாம் வீட்டுக்குள் சிரிப்புச் சத்தம் கேட்கும். கூட இருந்தது மெஹராஜ், பாயின் சம்சாரம். இருவரும் சேர்ந்துதான் மீன் வாங்கப் போவார்கள். ஏதோ சினிமாக் கதை பேசிச் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன். பட்டிகள் மட்டும் ரயில் தண்டவாளம் மாதிரி நேராகக் கீறிக் கிடக்கும்.

சனிக்கிழமை பட்டிக் கட்டைச் சுமந்துகொண்டு போய் இறக்கினேன். பாய் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். எல்லோரையும் கூப்பிட்டார். நான் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டேன்.

"பட்டறை பிழைச்சுது. இனிமே வானமாமலைதான் போர்மேன்."

காதில் தகரத்தூள் போய்விட்டதோ என்று நினைத்தேன். பாயைத் தனியே இழுத்துப் போனேன்.

"பாய், பட்டி என்னுதுல்லா?"

"உம்முதா? சரி, இந்தா ஒரு துண்டு. கீறிக் காட்டும்."

கீறினேன். கடைசியில் கையில் இருந்தது முறுக்கு.

பாய் மெதுவாக என் தோளில் கையை வைத்தார். "டிரம்முல மாட்டுததுக்கு முந்தின நாளே உம்ம சம்சாரம் எங்க வீட்டுக்கு வந்து காட்டிட்டாவே. 'இதை மாட்டி வச்சா அவுக பாத்துருவாக, எடுத்துட்டு வருவாக, தன்னுதுன்னு சொல்லுவாக. நீங்க ஒண்ணும் தெரியாத மாதிரி இருங்க. சட்டியில ரப்பர் காய்ச்சுறதையாவது நிறுத்துவாக'ன்னு சொன்னா. பட்டி காண்ட்ராக்ட் அவளுக்குத்தான். போர்மேன் யாருன்னும் அவகிட்டயே கேட்டேன். வானமாமலையைப் போடச் சொல்லிட்டா."

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவளைத் திட்டுவதற்குச் சொற்களைத் தேடி அடுக்கிக்கொண்டே போனேன். உள்ளே செண்பகவல்லி அருவாமனைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். குழாய்க்குள் என் குடையின் கம்பி செருகியிருந்தது. மேலே சோப்புத் தண்ணீர். எதிர்முனையை ஒருவர் இழுத்துப் பிடித்துக்கொண்டால், வாளை மீனைக் கீறுகிற மாதிரி ஒரே இழுப்பு. அதுதான் சூட்சுமம். எதிர்முனையில் இதுவரை மெஹராஜ் இருந்திருக்கிறாள். இன்றைக்கு அந்த இடம் காலி.

"ஏட்டி, கட்டின புருசனை விட்டுட்டு வானமாமலைக்கா சிபாரிசு பண்ணுவ?"

"போர்மேன்னா விளக்கு வச்ச பிறகும் பட்டறையிலேயே கிடக்கணுமாம்லா?"

"கிடந்தா என்ன?"

"மெஹராஜ் அக்கா அவுக மக வீட்டுக்குப் போயிட்டாக. இந்த முனையைப் பிடிக்க ஆள் வேணும்லா. உக்காருங்க."

அடுக்கி வைத்திருந்த சொற்களை எல்லாம் விழுங்கிவிட்டு உட்கார்ந்தேன். முனையைப் பிடித்தேன்.

"இன்னும் கொஞ்சம் நேராப் பிடிங்க" என்றாள் போர்மேன்.