நண்டு குடியேறிய பிளாட்

பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளை வாயைத் திறக்கக் கூடாது. திறந்தே தொலைத்தாலும் காலை நீட்டக் கூடாது. நான் இரண்டையும் செய்தவன்.

கோலார் தங்க வயலிலிருந்து அப்பாவும் நானும் சென்னைக்குப் போயிருந்தோம். அடையாறு கடலில் கலக்கிற கழிமுகத்துக்குப் பக்கத்தில்தான் தேன்மொழியின் வீடு. காபி முடிந்ததும், "ரெண்டு பேரும் காத்தாடப் பேசிட்டு வாங்க" என்று அனுப்பினார்கள். (காவலுக்கு அவள் அண்ணனும் என் அப்பாவும் பின்னாலேயே.)

தண்ணீர் வற்றி, சேறு சாம்பல் நிறத்தில் பளபளத்தது. உள்ளான் குருவிகள் குடுகுடுவென்று ஓடி எதையோ கொத்தின. நான் திருவாய் மலர்ந்தேன். (தினமும் வேலைக்குப் போகிற பெங்களூர் ரயிலில் வீட்டுமனைப் பேச்சிலேயே ஊறிய வாய்.)

"எவ்ளோ இடம் வீணாக் கெடக்குது! மண்ணடிச்சா சூப்பரா பிளாட் போடலாமே."

தேன்மொழி முகம் சுருங்கிவிட்டது. "வீணா? அந்தச் சேத்துல நண்டு, புழு, இறால் குஞ்செல்லாம் இருக்குங்க. மழை வெள்ளத்தை இதுதான் வாங்கிக்குது. மூடிட்டா எங்க வீட்டுக்குள்ளதான் வரும்."

சம்பந்தம் கை நழுவுவது எனக்கே தெரிந்தது. பெண்ணையோ ரொம்பப் பிடித்துவிட்டது. சமாளிக்க வீரம் காட்டினேன். எங்கள் ஊரில் சுரங்கக் கழிவு மண் மலைமலையாய்க் கிடக்கும். சயனைட் மேடு என்போம். காய்ந்தால் மேலே ஓடு கட்டிவிடும். அதில் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவன் நான். இதுவும் அதே நிறம்!

"இருங்க, அந்த நண்டைக் கிட்ட போயி பாத்துட்டு வர்றேன்."

"வேணாங்க, உள்ள வாங்கிடும்!"

"இந்த மாதிரி மண்ணுல நடக்காத காலா?"

நாலு எட்டு வைப்பதற்குள் முழங்கால் போனது. உதறினேன், தொடையும் போனது. கடல் ஏறுகிற நேரம் வேறு. தண்ணீர் மெல்ல என்னைத் தேடி வந்தது.

"இன்னாடா, எந்த லெவல்ல நிக்கிற?" என்றார், கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் லெவல் லெவலாய்ச் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை பார்த்த அப்பா. "மேல தூக்க இங்க கேஜ் கூட இல்லியேடா!" கிண்டல்தான், ஆனால் அதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கப் பார்த்தார்.

"நிக்காதீங்க! குப்புறப் படுங்க!" என்று கத்தினாள் தேன்மொழி.

புது வெள்ளைச் சட்டையோடு படுத்தேன். அவள் அண்ணன் கரையில் கிடந்த மூங்கில் கழியை நீட்ட, அவளும் சேர்ந்து இழுக்க, முதலை மாதிரி ஊர்ந்து கரையேறினேன். வலது கால் ஷூ மட்டும் வரவில்லை.

மூச்சு வாங்கிக்கொண்டே, "இதை மூட வேணாங்க. அதுவே நம்மள மூடிடும்" என்றேன். அப்போதுதான் அவள் சிரித்தாள்.

இப்போதும் பண்டிகைக்கு மாமனார் வீட்டுப் படியேறினால், மச்சான் வாசலிலேயே வரவேற்பார்:

"வாங்க மாப்ள! உங்க ஷூ பிளாட்டுல நண்டு பால் காய்ச்சிக் குடிவந்துடுச்சு!"